பெயரிழந்த உருவங்கள்: கொங்குநாட்டு உலோக விலங்குருவச் சேகரிப்பும் பதிவு நெறியும்

ஆய்வுச் சுருக்கம்

பழைய உலோக விலங்குருவங்களைச் சேகரிப்பது இன்று தனியார் விருப்பமாகவும் வணிகமாகவும் வளர்ந்துள்ளது. திருப்பூர் மாவட்டத்தையும் அதனைச் சூழ்ந்த கொங்குப் பகுதியையும் களமாகக் கொண்டு, இச்சேகரிப்பில் உருவம் காக்கப்படும்போதே அதன் பெயர், பயன், கிடைத்த இடம் ஆகியவை மறைந்துவிடும் நிலையை இக்கட்டுரை ஆராய்கிறது. கொடுமணல், ஆதிச்சநல்லூர், தைமாபாத் ஆகிய இடங்களில் கிடைத்த உருவங்களை ஒப்பிட்டு, பொருளின் ஆய்வு மதிப்பு அதன் சூழலைப் பற்றிய பதிவையே பெரிதும் சார்ந்தது என்பதை நிறுவுகிறது. தஞ்சைப் பெருவுடையார் கோயில் கல்வெட்டுகளில் காணப்படும் பதிவு முறையை முன்மாதிரியாகக் கொண்டு, இன்றைய சேகரிப்புக்கேற்ற பதிவு நெறி ஒன்றையும் முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: உலோக விலங்குருவம், வார்ப்பு, கொங்குநாடு, அனுப்பர்பாளையம், கொடுமணல், உருவாரம், பொருள்சார் பண்பாடு.

1. முன்னுரை

திருப்பூர் என்றவுடன் பனியன் தொழிலே நினைவுக்கு வரும். அந்நகரின் ஒரு பகுதியாகிய அனுப்பர்பாளையமோ பாத்திரத் தொழிலால் அறியப்பட்டது. பித்தளை, செம்பு, எவர்சில்வர்ப் பாத்திரங்களைச் செய்யும் பட்டறைகள் அங்கும் அதனை அடுத்த ஊர்களிலும் உள்ளன. நூலும் உலோகமும் ஒரே ஊரில் இருவேறு உலகங்களாக இயங்குவதாகத் தோன்றினும், இரண்டுக்கும் இடையே ஓர் உறவு உண்டு. பனியன் தொழிலை நாடிச் சிற்றூர்க் குடும்பங்கள் நகரத்து வாடகை வீடுகளுக்கு இடம்பெயர்ந்தபோது, பழைய வீட்டின் பரணிலும் பூசையறையிலும் இருந்த பித்தளைப் பொருள்கள் பயனற்ற சுமைகளாயின. பழைய பித்தளையை எடைக்குக் கொடுத்துப் புதிய எவர்சில்வர்ப் பாத்திரம் வாங்கும் வழக்கம் இதற்கு வாய்ப்பாக அமைந்தது. அவ்வாறு எடைபோடப்பட்டவற்றுள் குடமும் அண்டாவும் மட்டுமல்லாமல், அன்னமும் மயிலும் குதிரையும் நந்தியும் இருந்தன.

எடைக்குப் போன உருவத்திற்கு இரு வழிகளே உள்ளன. ஒன்று உலை, மற்றொன்று பழம்பொருள் கடை. உலையில் உருவம் அழிகிறது. கடையில் அது பிழைக்கிறது; ஆனால் எந்த ஊரில், எந்த வீட்டில், எப்பெயரோடு, எதற்காக இருந்தது என்னும் செய்தி அழிகிறது. முதல் இழப்பு கண்ணுக்குத் தெரிகிறது, இரண்டாவது தெரிவதில்லை. இவ்விரண்டாம் இழப்பே இக்கட்டுரையின் பொருளாகும்.

2. உருவமும் பயனும்

இன்று ‘விலங்குப் பொம்மை’ என்னும் ஒரே பெயரில் சேகரிப்புகளில் இடம்பெறுவனவற்றுட் பல, தொடக்கத்தில் தனி உருவங்களாகச் செய்யப்பட்டவை அல்ல. அவை புழங்குபொருள்களின் உறுப்புகள். கைமணியின் பிடியில் அமர்ந்த நந்தியும் கருடனும், கிளியாகவும் குதிரையாகவும் வடிக்கப்பட்ட பாக்குவெட்டியும், மயில் வடிவக் குங்குமச்சிமிழும், யாளிமுகம் பெற்ற கெண்டி மூக்கும் இத்தகையவை. மணியின் நா அறுந்து உடல் உடைந்தபின் பிடியிலிருந்த நந்தி மட்டும் எஞ்சினால், அது சேகரிப்பாளர் கண்ணுக்குத் தனிச் சிற்பமாகிவிடுகிறது.

பறவை வடிவ எண்ணெய்க் கலம் கொண்ட தூக்கு விளக்கு இதனைத் தெளிவாக விளக்கும். இவ்வகை விளக்கில் பறவையின் வயிறே எண்ணெய்க் கலம். கீழுள்ள அகலில் எண்ணெய் மட்டம் தாழும்போது காற்று உட்புகுந்து, பறவையினுள் இருக்கும் எண்ணெய் சிறிது சிறிதாக அகலில் இறங்கும்; மட்டம் உயர்ந்ததும் காற்றுவழி அடைபட்டு ஒழுக்கு நிற்கும். அடிக்கடி எண்ணெய் வார்க்கவேண்டிய தேவையை நீக்கிய நுட்பம் இது. சங்கிலியும் அகலும் பிரிந்துபோய்ப் பறவை மட்டும் கண்ணாடிப் பேழைக்குள் வைக்கப்படும்போது, அதன் அடிவயிற்றுத் துளை வார்ப்புக் குறைபாடாகக் கருதப்படலாம். துளையை அடைத்து ‘சீர்செய்யும்’ ஒருவர், அவ்வுருவம் விளக்கென்பதற்கான கடைசிச் சான்றையும் அழித்துவிடுகிறார்.

தமிழ் இலக்கியம் விலங்குருவத்தை அதன் பயனோடு சேர்த்தே பெயரிட்டுள்ளது. பெரும்பாணாற்றுப்படை யவனரின் ‘ஓதிம விளக்கை’ உவமையாக்குகிறது. நெடுநல்வாடை யவனர் செய்த பாவை விளக்கைக் காட்டுகிறது. ஓதிமம் என்பது அன்னம். ‘ஓதிம விளக்கு’ என்னும் தொடரில் வடிவம், பயன் என இரண்டும் உள்ளன. யவனர் என்னும் அடை ஆக்கியோரையும் சுட்டிவிடுகிறது. ‘பழைய பித்தளை வாத்து’ என்னும் இன்றைய விலைச்சீட்டில் இம்மூன்றனுள் எதுவும் இல்லை.

உருவத்தைப் படையலாக அளிக்கும் மரபும் கொங்கில் வலுவாக உள்ளது. உடுமலைப்பேட்டைக்கு அருகிலுள்ள சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலில், தைப்பொங்கலை ஒட்டிய திருவிழாவின்போது, கால்நடைகளின் நலம் வேண்டி மண்ணாலான ஆடுமாட்டு உருவாரங்களை மக்கள் வைத்து வழிபடுகின்றனர். இங்கு உருவாரத்தின் பொருள் அதன் அழகில் இல்லை, வேண்டுதலில் உள்ளது. மண்ணுருவாரம் வைத்த இடத்திலேயே கரைந்து போகிறது. உலோகமோ கரைவதில்லை, கைமாறுகிறது. எனவேதான் உலோக உருவத்திற்கு, அது யாரால் எதற்காக வைக்கப்பட்டது என்னும் செய்தியின் தேவை மிகுதி.

3. அகழாய்வு தரும் பாடம்

திருப்பூர் வழியே பாயும் நொய்யலின் வடகரையில், இன்றைய ஈரோடு மாவட்டத்தில், கொடுமணல் அமைந்துள்ளது. பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் குறிக்கும் கொடுமணம் இவ்வூரே என்பது அறிஞர் கருத்து. 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் தொடங்கிய அகழாய்வில், இரும்பு, எஃகுத் தொழிலுக்கும் மணிக்கல் தொழிலுக்கும் உரிய சான்றுகளோடு, தமிழி எழுத்துப் பொறித்த பானையோடுகளும் கிடைத்தன. அங்குக் கிடைத்த பொருள்களுள் ஒன்று, செம்புக் கலவையில் வடித்து மணிக்கற்கள் பதித்த புலி உருவம்.

இப்புலி அகழாய்வில் அல்லாமல் பழம்பொருள் கடை ஒன்றில் தோன்றியிருந்தால் என்னவாகியிருக்கும்? புலி சோழர் இலச்சினை என்பதால் அதனைச் சோழர் கலைப்பொருள் எனக் கூறும் ஆவல் எழுந்திருக்கும். கற்பதிப்பைக் கண்டு பிற்கால அரண்மனைப் பொருள் என்று மற்றொருவர் கூறியிருக்கலாம். சேரநாட்டு வணிகப் பெருவழியில் அமைந்த மணிக்கல் தொழிலூர் ஒன்றின் பண்பாட்டோடு அதனை இணைக்க எவருக்கும் வழியிருந்திராது. உலோகமும் வடிவமும் மாறாமலே, கிடைத்த இடம் அறியப்படாமையால் மட்டும் பொருளின் வரலாறு மாறிப்போயிருக்கும்.

தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூர் இதற்கு இணையான சான்று. 1876இல் ஜெர்மானியராகிய யாகோர் அங்குத் தோண்டி எடுத்த பொருள்கள் பெர்லின் சென்றன. பின்னர் 1899 முதல் 1905 வரையிலான காலத்தில் அலெக்சாண்டர் ரீ அகழாய்வு செய்து, கிடைத்தவற்றை வகைப்படுத்தினார். அவருடைய பட்டியல் 1915இல் சென்னையில் வெளியிடப்பட்டது. அங்குக் கிடைத்த வெண்கலக் கலங்களின் மூடிகளையும் தாங்கிகளையும் விலங்குருவங்கள் அணிசெய்கின்றன. எருமை, ஆடு, சேவல் ஆகிய வீட்டு உயிர்களையும், புலி, மான், யானை ஆகிய காட்டு உயிர்களையும் ரீ பிரித்துக் காட்டுகிறார். இப்பகுப்பு, உருவங்களை அழகுப் பொருள்களாக மட்டும் காணாமல், அம்மக்களின் வாழ்வோடும் சூழலோடும் இணைத்துக் காண வழிவகுத்தது. முதுமக்கள் தாழிகளோடு சார்ந்தவை என்ற செய்தி இருப்பதாலேயே அவற்றை ஈமச் சடங்கோடு பொருத்தி ஆராய முடிகிறது.

பதிவின்மையின் விளைவுக்குத் தைமாபாத் சான்றாகும். மராட்டிய மாநிலத்தின் அவ்வூரில் 1974இல் மரவேரைத் தோண்டும்போது நான்கு பெரிய உலோக வார்ப்புகள் தற்செயலாகக் கிடைத்தன: இரு எருதுகள் பூட்டிய வண்டியில் நிற்கும் மனிதன், யானை, காண்டாமிருகம், எருமை. நான்கும் சேர்ந்து 60 கிலோவுக்கும் மேல் எடையுள்ளவை. அகழாய்வு அடுக்கில் முறையாகக் கிடைக்காமையால் அவற்றின் காலம் வழக்குக்குரியதாயிற்று. வடிவத்தை நோக்கியோர் பிந்தைய அரப்பா காலத்தன என்றனர், டி. பி. அகர்வால் உலோகக் கலவையில் ஆர்சனிக்கின் அளவைக் காட்டி அதனை ஐயுற்றார். இந்தியத் தொல்லியலின் மிகச் சிறந்த விலங்குருவங்களே ஓர் அடுக்கின் சான்று இல்லாமையால் விவாதத்தில் நிற்குமாயின், எடைக்கடையில் வாங்கிய சிறு குதிரைக்குக் காலம் கூறுவது எத்துணை அரிது என்பது வெளிப்படை.

4. வடிவ ஒற்றுமையின் மயக்கம்

பொருளின் இடம் அறியாமல் வடிவத்தை மட்டும் நம்புவது எவ்வாறு பிழைபடும் என்பதற்கு அன்னமே நல்ல சான்று. பர்மாவில் அன்ன வடிவிலும் சிங்க வடிவிலும் உலோக எடைக்கற்கள் நெடுங்காலம் வழங்கின. தமிழ் வணிகர், குறிப்பாக நகரத்தார், அந்நாட்டோடு நெருங்கிய தொழிலுறவு கொண்டிருந்தனர். காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குச் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த பொருள்களில் பல நாட்டுப் பொருள்களும் கலந்திருப்பது இயல்பு. பீடத்தின் மீது நிற்கும் சிறு அன்னம் ஒன்றைத் தமிழ்நாட்டு விளக்கின் உறுப்பு என்று ஒருவர் கருதிவிட வாய்ப்புண்டு. அளவில் படிப்படியாகக் குறையும் ஒரே வடிவ அன்னங்கள் பல சேர்ந்திருந்தால் அவை எடைக்கற்கள் என்பது எளிதில் விளங்கும். தனியாகப் பிரித்து விற்கப்பட்டபின் விளங்காது. தொகுதியைக் குலைப்பதும் ஒருவகையில் சான்றை அழிப்பதே.

மேற்கு ஆப்பிரிக்காவின் ஆக்கன் மக்களிடையே வழங்கிய பித்தளை எடைக்கற்கள் இச்சிக்கலின் மற்றொரு பக்கத்தைக் காட்டுகின்றன. பொன்துகளே பணமாக இருந்த அந்நாட்டில், மெழுகச்சில் வார்க்கப்பட்ட இச்சிறு எடைக்கற்கள் பல விலங்கு, பறவை வடிவங்களில் அமைந்தன. அவற்றுட் பல பழமொழிகளோடு தொடர்புடையவை. பின்னோக்கித் தலை திருப்பிய பறவை, மறந்ததை மீண்டு சென்று எடுத்துக்கொள்ளலாம் என்னும் கருத்தைச் சுட்டும். குடியேற்ற ஆட்சியில் நாணயம் பொன்துகளின் இடத்தைப் பிடித்தபின் எடைக்கற்கள் பயனிழந்தன. ஐரோப்பியச் சேகரிப்புகளை அடைந்தன. உடன்வந்த பழமொழி குறிக்கப்படாத பறவை, இன்று வெறும் பறவையே. எவர்சில்வரின் வரவால் பயனிழந்த நம் பித்தளைப் பொருள்களின் வரலாறும் இதனினும் வேறன்று.

கொங்கின் வாய்மொழி மரபுக்குக் கிடைத்த கவனம் இங்கு நினைக்கத்தக்கது. காங்கயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்த பிரெண்டா பெக், 1960களின் இடைப்பகுதியில் அண்ணன்மார் கதையை ஒலிநாடாவில் பதிவுசெய்தார். பாடல் பதிவானதால் அக்கதையில் வரும் கொம்பன் என்னும் பன்றியின் இடத்தை இன்று நாம் அறிகிறோம். கதை தெரியாதவருக்குப் பன்றியுருவம் பன்றி மட்டுமே. சொல்லுக்குச் செய்த இத்தொண்டினை, சொல்லைத் தாங்கிய பொருளுக்கும் செய்யவேண்டிய கடமை தமிழாய்வுக்கு உண்டு.

5. பழமையைத் துணிதல்

சேகரிப்பில் எழும் முதல் வினா, பொருள் பழையதா என்பதே. அதற்கு வார்ப்பு முறையின் அறிவு உதவும். மெழுகச்சு வார்ப்பில் மெழுகுரு உருகி வெளியேற, அவ்வெற்றிடத்தில் உலோகம் நிரம்பும். மண்ணச்சை உடைத்தே உருவத்தை எடுக்கவேண்டும். ஆதலின் ஒவ்வோர் உருவமும் தனித்தன்மை உடையது. இரு பாதிகளாக அமையும் மணலச்சில் ஒரே வடிவத்தைப் பலமுறை வார்க்கலாம். அச்சின் இணைப்புக்கோடு அராவப்படாத இடங்களில் தெரியும். பழைய உருவத்திலிருந்து அச்செடுத்து வார்க்கும் படி, உலோகம் குளிரும்போது சுருங்குவதால் மூலத்தினும் சற்றுச் சிறியதாகவும் நுண்கோடுகள் மழுங்கியதாகவும் இருக்கும்.

தேய்மானமும் சான்று தரும். நாள்தோறும் கைபட்ட உருவம், கைபடும் இடத்தில் மட்டுமே தேயும். உட்குழிவுகளில் கோடு கூர்மையாக எஞ்சும். எங்கும் ஒரே அளவாகத் தேய்ந்த உருவம் ஐயத்திற்குரியது. களிம்பை வேதிப்பொருள்களால் சில நாள்களிலேயே உண்டாக்கலாம் என்பதால், பச்சை நிறம் மட்டும் பழமைக்குச் சான்றாகாது. அதே வேளையில், உண்மையான பழம்பொருளைப் புளியிட்டுத் துலக்குவது பெருந்தீங்கு. வீட்டுப் பாத்திரத்திற்கு ஏற்ற அவ்வழக்கம், மேற்பரப்பில் படிந்த காலத்தின் தடத்தையும், துளைகளில் எஞ்சிய எண்ணெய், குங்குமம் போன்ற பயன்பாட்டுத் தடயங்களையும் நீக்கிவிடும். வெளிர்பச்சைப் பொடியாக உதிரும் அரிப்பு மட்டும் உலோகத்தை மேலும் உண்ணக்கூடியது. அதனைப் பாதுகாப்பு வல்லுநரிடம் காட்டவேண்டும்.

6. சட்டமும் சேகரிப்பும்

1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம் 1976 ஏப்ரல் 5 முதல் நடைமுறைக்கு வந்தது. நூறாண்டும் அதற்கு மேலும் பழமையுடைய சிற்பம் முதலியன அதன்படி தொல்பொருள்கள். அறிவிக்கப்பட்ட வகைகளைச் சார்ந்தவற்றைப் பதிவு அலுவலரிடம் பதிவுசெய்தல் வேண்டும். தொல்பொருள் வணிகத்திற்கு உரிமம் வேண்டும். தனியார் அவற்றை வெளிநாட்டிற்கு அனுப்புதல் கூடாது. நிலத்தடியில் கிடைப்பவற்றுக்கு 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் பொருந்தும். 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் கடமை. கோயிலுக்குரிய வாகன உருவமோ விளக்கோ தனியார் கையில் விற்பனைக்கு வருமாயின், அதன் வரலாற்றைக் கேட்பது சேகரிப்பாளரின் முதற்கடமை. வந்த வழி கூறப்படாத பொருளை வாங்குவது, அவ்வழியை மேலும் மறைக்க விலை கொடுப்பதாகும்.

7. தமிழ்ப் பதிவு மரபும் இன்றைய நெறியும்

பொருளைப் பதிவுசெய்தல் மேலைநாட்டு அருங்காட்சியகம் கற்பித்த புது வழக்கம் அன்று. தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டுகள், அளிக்கப்பட்ட செப்புத் திருமேனிகளைக் கொடையாளர் பெயரோடு பதிவுசெய்கின்றன. உயரம் கோயிலில் வைக்கப்பட்ட முழக்கோலால் அளக்கப்பட்டு முழத்திலும் விரலிலும் குறிக்கப்படுகிறது. கைகளின் எண்ணிக்கை, பீடம் ஆகியன கூறப்படுகின்றன. கனமாக வார்த்ததா பொள்ளலாக வார்த்ததா என்பதும் சொல்லப்படுகிறது. பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்னும் கல்லும், அணிகலன்களை நிறுக்கத் தட்சிணமேருவிடங்கன் என்னும் கல்லும் பயன்பட்டன. அளவுகோல் எது என்பதையும் சேர்த்துக் கூறும் இக்கவனம், ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பொருட்பட்டியல் ஒன்றின் முதிர்ச்சியைக் காட்டுகிறது.

இம்மரபைத் தழுவி, ஒவ்வோர் உருவத்திற்கும் பின்வருவன பதிவாதல் வேண்டும்.

(அ) கொடுத்தவர் வழங்கிய பெயர், அவர் சொன்ன ஒலிவடிவிலேயே. ஆய்வாளர் தரும் பொதுப்பெயர் அதன்பின் வரலாம். அதற்கு மாற்றாக வரலாகாது.

(ஆ) கிடைத்த ஊர், வீட்டில் அல்லது கோயிலில் வைத்திருந்த இடம், உடனிருந்த பொருள்கள்.

(இ) பயன்: நாள்வழக்கு, சடங்கு, விளையாட்டு, எடை, படையல். பயன்பாடு நின்ற காலமும் காரணமும்.

(ஈ) உயரம், நீளம், எடை, கனமா பொள்ளலா, வார்ப்பு முறை, துளை, முளை, வளையம் போன்ற இணைப்பு அடையாளங்கள்.

(உ) செய்த ஊர், செய்தோர் பற்றிய நினைவு.

(ஊ) தொடர்புடைய கதை, பழமொழி, பாடல், வேண்டுதல்.

(எ) கைமாறிய வரலாறு, சட்டப் பதிவின் நிலை.

இவற்றுள் ஐந்தாவது பெரும்பாலும் விடுபடுவது. கன்னாரும் பிற கம்மாளரும் தாம் செய்தவற்றில் பெயர் பொறிப்பது அரிது. கொங்குநாட்டுக் கம்மாளர்க்கு இரட்டைச் சங்கு ஊதுதல், செருப்பணிதல், வீட்டிற்குச் சாந்து பூசுதல் முதலிய உரிமைகளை அளித்த கருவூர்க் கல்வெட்டு, அவ்வுரிமைகள் முன்பு அவர்க்கு இல்லாதிருந்ததையும் உணர்த்துகிறது. செய்தவரின் பெயரை வரலாறு குறிக்காமல் விட்டதில் வியப்பில்லை; இன்றைய ஆய்வும் அவ்வாறே விடுதல் முறையன்று. அனுப்பர்பாளையத்தில் உலையருகே நின்ற முதிய தொழிலாளர்கள், எத்தகைய பழம்பொருள்கள் உருக்க வந்தன, அவற்றை எப்பெயரால் அழைத்தனர் என்பதைக் கூறக்கூடியவர்கள். உருகிப்போன பொருள்களுக்கு அவர்களுடைய நினைவைத் தவிர வேறு பட்டியல் இல்லை.

8. முடிவுரை

கொடுமணல் புலியும் ஆதிச்சநல்லூர் எருமையும் பேசுவது, கிடைத்த இடம் எழுதிவைக்கப்பட்டமையால். தைமாபாத் யானை பாதி பேசி நிற்பது, அது எழுதப்படாமையால். கொங்குநாட்டு வீடுகளிலிருந்து இன்று வெளியேறும் பித்தளை உருவங்கள் இவற்றின் தொன்மையோ மதிப்போ உடையன அல்ல. எனினும் அவற்றைப் பயன்படுத்திய தலைமுறை இன்னும் உயிரோடு இருப்பது, அகழாய்வாளர்க்கு ஒருபோதும் கிட்டாத வாய்ப்பு. அவ்வாய்ப்பு நீண்ட காலம் நில்லாது.

எல்லா உருவங்களையும் வாங்கிச் சேர்ப்பது எவர்க்கும் இயலாது. அது தேவையும் அன்று. உருவம் உரியவர் வீட்டிலேயே இருக்க, அதன் பெயரையும் பயனையும் படத்தையும் பதிவுசெய்வதே உயர்ந்த சேகரிப்பு. திருப்பூர் மாவட்டக் கல்லூரித் தமிழ்த்துறைகளின் மாணவர்கள் தத்தம் வீட்டுப் பொருள் ஒன்றிலிருந்து இப்பணியைத் தொடங்கலாம். பாட்டியிடம் கேட்கவேண்டிய முதல் வினா, இதன் விலை என்ன என்பதன்று. இதனை நீங்கள் எப்படி அழைப்பீர்கள் என்பதே.